வாய்ப்பூட்டும் அதன் சாவியும்

பேச்சுச் சுதந்திரம் என்பது சர்க்கார் மனமிரங்கிப் பிரஜைகளுக்கு அளிக்கும் தானமல்ல. சர்க்கார் என்ற ஸ்தாபனத்தைச் சிருஷ்டித்த ஜனங்கள் தம் கையிலேயே வைத்துக்கொண்ட பிறப்புரிமை அது. இந்த உண்மையை மறந்துவிடுவது அதிகாரத்தின் இயல்பு. அதை மறவாமல் நினைவூட்டிக்கொண்டிருப்பது பத்திரிகையின் கடமை. கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நமக்கு இந்தப் பாடத்தை அயல்நாட்டுச் சரித்திரத்திலிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. நம் மண்ணிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

1908-ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் மீது அந்நிய சர்க்கார் பாய்ந்தது. சட்டப்படி வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் மேடையிலே பேசியதற்காகக் கொடிய தண்டனைக்கு உள்ளாயினர். பாரதியார் பிரெஞ்சு எல்லையைக் கடந்து புதுவை சேர்ந்தார். பத்திரிகையும் அவரைத் தொடர்ந்து அங்கே சென்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாதபடி வழியை அடைத்தார்கள். 1910-ல் 'இந்தியா' நின்றுபோயிற்று. பத்தாண்டு அஞ்ஞாதவாசத்துக்குப் பின், 1918 நவம்பர் 20-ந் தேதி எல்லை தாண்டி வந்த கவிஞரைக் கடலூர் அருகே கைது செய்து, கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். ரங்கசாமி ஐயங்கார், அன்னி பெசன்ட், ஸி. பி. ராமசாமி ஐயர் முதலியோர் செய்த முயற்சியால் டிசம்பர் 14-ந் தேதி அவர் வெளியே வந்தார்.

ஆனால் எப்படி வந்தார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இன்ன ஜில்லாவில்தான் குடியிருக்கலாம் என்பது ஒரு நிபந்தனை. எதை எழுதிப் பிரசுரிப்பதாயினும் அதை முன்னதாக ரகசியப் போலீஸ் இலாகாவின் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குக் காட்டி அனுமதி பெற வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. சிறைக் கதவு திறந்தது. எழுதுகோலுக்குப் பூட்டு விழுந்தது. 1920-ல்தான் அந்தத் தளைகள் நீங்கின. 1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். கடலூர்ச் சிறையை விட்டபின் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகூட முழுமையாக இல்லை. அதிலும் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தை ஒரு போலீஸ் அதிகாரியின் மேஜைக்கு ஒப்புக்கொடுத்தாயிற்று. அந்த மாதங்களில் எழுதப்படாமலே போனவை எத்தனை என்பதை எந்த ஆவணக் காப்பகமும் நமக்குச் சொல்லாது. வாய்ப்பூட்டின் கொடுமை இதுதான். கொளுத்திய புத்தகத்துக்குச் சாம்பலாவது மிஞ்சும். எழுதப்படாத புத்தகத்துக்கு அதுவும் கிடையாது.

சர்க்கார் அத்துடன் நிற்கவில்லை. கவிஞர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1928-ல், அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தார்கள். சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து அந்த அக்கிரமத்தைக் கண்டித்தார். இருபதாண்டு சென்றபின், 1949-ல், சுதந்திர நாட்டின் சென்னை சர்க்காரே அதே பாடல்களின் உரிமையைத் தேசத்தின் சொத்தாகப் பெற்றது. ஒரு சர்க்கார் விஷமென்று பூட்டி வைத்ததை அடுத்த சர்க்கார் அமிர்தமென்று பகிர்ந்தளித்தது. எது விஷம், எது அமிர்தம் என்று அன்றன்று நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தீர்மானிப்பது எவ்வளவு விபரீதம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

இவையெல்லாம் பழங்கதை, வெள்ளையனோடு போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். போகவில்லை என்பதே நம் துக்கம். 2025 அக்டோபரில் மத்திய சர்க்கார் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. இணையதளத்தில் வெளியான ஒரு விஷயத்தை நீக்குமாறு கம்பெனிகளுக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் இன்னாருக்குத்தான் உண்டு என்று அத்திருத்தம் வரையறுத்தது. சிவில் நிர்வாகத்தில் பெரும்பாலும் ஜாயிண்ட் செக்ரட்டரி அந்தஸ்துக்குக் குறையாதவர். போலீஸ் இலாகாவில் டெபுடி இன்ஸ்பெக்டர் ஜெனரல் அந்தஸ்துக்குக் குறையாதவர். கீழதிகாரிகள் கையிலிருந்ததை மேலதிகாரியிடம் ஒப்படைத்தது ஒரு சீர்திருத்தமே என்று சர்க்கார் பெருமைப்படுகிறது. 1918-ல் கடலூரில் கவிஞரின் எழுத்துக்குக் காவல் நின்ற அதே பதவிப் பெயர், நூற்றேழு ஆண்டு கழித்து விதிப் புஸ்தகத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு நமக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை.

சட்டத்தின் போக்கைச் சற்று விளக்குவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் பிறந்தது. 2008-ல் செய்த திருத்தம் அதில் 66-ஏ, 69-ஏ என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது முதற்பிரிவு. எரிச்சல் என்பது குற்றமானால் உண்மை பேசுகிறவர் எவரும் தப்ப முடியாது. 2012 அக்டோபரில், அன்று மத்திய நிதி மந்திரியாக இருந்தவரின் குமாரரைப் பற்றி ட்விட்டரில் ஒரு வாக்கியம் எழுதியதற்காகப் புதுச்சேரி வியாபாரி ஒருவரை இந்தப் பிரிவின் கீழ் விடியற்காலையில் கைது செய்தார்கள். அவருடைய எழுத்தை அங்கே தொடர்ந்து படித்தவர்கள் 16 பேர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. 1908-ல் எழுத்துக்கு அடைக்கலம் கொடுத்த அதே புதுவை, 2012-ல் ஒரு வாக்கியத்துக்கு விலங்கு பூட்டிற்று. 2015 மார்ச் 24-ந் தேதி, சிரேயா சிங்கால் வழக்கில், சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு விரோதமானதென்று அடியோடு ரத்துச் செய்தது. நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் 69-ஏ தப்பிப் பிழைத்தது. தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலான காரணங்களைக் காட்டி எந்த இணையப் பக்கத்தையும் மறைக்க மத்திய சர்க்காருக்கு அது அதிகாரம் தருகிறது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எழுதியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரையும் விசாரிக்க வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருப்பதாகச் சொல்லித்தான் கோர்ட் அதை அனுமதித்தது. நடைமுறையில் நிகழ்வது என்ன? 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் பரம ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அவசரம் என்று சொல்லிவிட்டால் முன்விசாரணையும் வேண்டியதில்லை. தன் எழுத்து ஏன் மறைந்தது என்று கேட்கிற ஆசிரியனுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மௌனமே. இதற்கும் மேலே, அச்சட்டத்தின் 79-வது பிரிவைக் கொண்டு 'சஹயோக்' என்ற இணைய வாயில் ஒன்றையும் 2024-ல் திறந்திருக்கிறார்கள். இதன் வழியே பல இலாகாக்களும் மாகாணப் போலீஸாரும் கம்பெனிகளுக்கு நேரே அறிவிப்பு அனுப்பலாம். 69-ஏ பிரிவில் உள்ள கொஞ்ச நஞ்சப் பாதுகாப்பும் இந்த வாயிலில் இல்லை. இதை எதிர்த்து எக்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கைக் கர்நாடக ஹைக்கோர்ட் 2025 செப்டம்பர் 24-ந் தேதி தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பை மரியாதையுடன் ஏற்கவில்லை என்று சொல்வது சட்டம் பயின்ற நமக்குக் கடமையாகிறது.

கம்பெனிக்கு அனுப்புவது அறிவிப்புத்தானே, கட்டாயம் எங்கே இருக்கிறது என்று சர்க்கார் வக்கீல்கள் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தின் சூட்சுமம் புதியதன்று. 1910-ம் ஆண்டு அச்சுச் சட்டத்தை நம் வாசகர்கள் நினைவு கூரட்டும். புதிதாக அச்சகம் வைக்கிறவன் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். சர்க்காருக்குப் பிடிக்காததை அச்சடித்தால் ஜாமீன் பறிபோகும். மறுபடி தொழில் செய்ய வேண்டுமானால் 10,000 வரை கட்ட வேண்டும். விளைவு என்ன ஆயிற்று? ஆசிரியன் துணிந்து எழுதினாலும் அச்சகக்காரன் அஞ்சினான். தன் இயந்திரத்தையும் எழுத்துக்களையும் காப்பாற்றிக்கொள்ள அவனே தணிக்கை அதிகாரி ஆனான். சர்க்கார் கத்தியை எடுக்க வேண்டிய சிரமமே இல்லாமல் போயிற்று. இன்றைய 79-வது பிரிவு அதே ஜாமீனின் மறுபிறவி. பிறர் எழுதியதற்குத் தான் பொறுப்பாகாமல் இருக்கும் சட்டப் பாதுகாப்பே கம்பெனி கட்டியிருக்கும் ஜாமீன். அறிவிப்பை அலட்சியம் செய்தால் அது பறிபோகக்கூடும். கோடிக் கணக்கில் லாபம் சம்பாதிக்கும் ஒரு அந்நியக் கம்பெனி, சிதம்பரத்தில் ஒரு வாத்தியார் எழுதிய நாலு வரிக்காகத் தன் பாதுகாப்பைப் பணயம் வைக்குமா? அறிவிப்பு வந்த மாத்திரத்தில் நீக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். கட்டாயம் இல்லையாம்! பயமுறுத்தி வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்த கதை இது.

தமிழ் வாசகர் கண்ணெதிரே நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்டதைக் குறித்துப் பிரதம மந்திரியை அமெரிக்க ஜனாதிபதியின் அருகே விலங்குடன் அமர்ந்திருப்பவராக வரைந்து விகடன் ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டது. பிப்ரவரி 15-ந் தேதி முதல் அதன் வலைத்தளம் முழுவதுமே பலருக்கும் தெரியாமல் மறைந்தது. முறையான உத்தரவு நிறுவனத்தின் கைக்கு வரும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஒரு பக்கத்தில் ஒரு சித்திரம் குற்றமென்றால், ஆயிரமாயிரம் பக்கங்கள் செய்த குற்றம் என்ன? மார்ச் 6-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட், சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடும்படியும், அதன்பின் தளத்தைத் திறந்துவிடும்படியும் உத்தரவிட்டது. விகடனுக்குப் பெயரும் உண்டு, பெரிய வக்கீல்களை அமர்த்தும் சக்தியும் உண்டு. பண்ருட்டியிலோ பரங்கிப்பேட்டையிலோ கைப்பேசியில் உள்ளூர்ச் செய்தி எழுதுகிற இளைஞனுக்கு அவ்விரண்டும் இல்லை. அவன் எழுத்து மறைந்தால் மறைந்ததுதான். இந்த விஷயத்தில் நம் கவலை முதன்மையாக அவனைப் பற்றியதே.

இதைப் படித்துவிட்டு, மத்தியில் ஆள்கிற ஒரே கட்சியின் பாவம் இது என்று யாரும் கைதட்ட வேண்டாம். வாய்ப்பூட்டுக்குக் கட்சி பேதம் கிடையாது. குடியரசு பிறந்த வருஷத்திலேயே சென்னை சர்க்கார் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை இம்மாகாணத்தில் நுழையக் கூடாதென்று தடுத்தது; 1950 மே 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அத்தடையை உடைத்தது. தோற்ற சர்க்கார்கள் திருந்தவில்லை. 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொணர்ந்து தடைக்கான காரணங்களைப் பெருக்கிக்கொண்டன. 1965 ஜனவரி 27-ந் தேதி, ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது அண்ணாமலை நகரில் ராஜேந்திரன் என்ற மாணவர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார். அன்று மாகாணத்தில் ஆண்டது தேசியக் கட்சியே. 1987-ல் அட்டைப்பட ஹாஸ்யம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஜனங்களின் கண்டனம் பொறாமல் சில நாளில் விட்டார்கள். 1994-ல் ஹைக்கோர்ட் அவருக்கு 1,000 ரூபாய் நஷ்ட ஈடு வழங்கச் செய்தது. 2003 நவம்பரில் அதே சட்டசபை 'ஹிந்து' பத்திரிகையாளர்களுக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதிக்க, சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத் தடுத்தது. 2012-ல் புதுவை வியாபாரியைக் கைது செய்ய உதவிய 66-ஏ பிரிவு, காங்கிரஸ் மந்திரிசபை கொண்டுவந்தது. எதிர்க்கட்சியாக இருக்கையில் பேச்சுரிமையைப் போற்றாத கட்சியும் இல்லை. ஆளுங்கட்சியான மறுநாளே அதைக் கண்டு முகம் சுளிக்காத கட்சியும் இல்லை.

இனி, எதிர்த் தரப்பாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பொய்ச் செய்தி தீயைப் போலப் பரவுகிறது. ஜாதி மத துவேஷம் மூட்டுகிறார்கள். பெண்களின் மானத்தைச் சந்தியில் நிறுத்துகிறார்கள். இதையெல்லாம் சர்க்கார் கைகட்டிப் பார்த்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் பார்த்திருக்கச் சொல்லவில்லை. கலகத்தைத் தூண்டுகிறவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை வெளியிடுகிறவனைச் சிறையில் தள்ளச் சட்டம் இருக்கிறது. அவற்றை விரைவாகவும் பாரபட்சமின்றியும் பிரயோகிக்கட்டும். அதற்கு நம் ஆதரவு உண்டு. நம் ஆட்சேபம் வேறு. குற்றம் சாட்டுகிறவனும் நானே, விசாரிக்கிறவனும் நானே, தீர்ப்பு என்னவென்று சொல்லவும் மாட்டேன் என்று சர்க்கார் சொல்வதைத்தான் ஆட்சேபிக்கிறோம். சர்க்காரைப் பற்றிய செய்திகளில் எது பொய், எது மெய் என்று சர்க்காரே தீர்மானிக்கும் குழுவை மத்திய சர்க்கார் 2023-ல் விதியாக்கியபோது, பம்பாய் ஹைக்கோர்ட் 2024 செப்டம்பரில் அதைச் செல்லாதென்று தள்ளியதும் இந்த நியாயத்தை ஒட்டியதே. தன் வழக்கில் தானே நீதிபதியாவது தர்மமல்ல என்பது சட்டப் புத்தகம் படியாத குடியானவனுக்கும் தெரியும்.

ரகசியமே இவ்விஷயத்தின் மூலநோய். தில்லையில் வழங்கும் ஐதிகம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. அரசனும், நம் ஜில்லாவின் திருநாரையூரில் தோன்றிய நம்பியாண்டார் நம்பியும் அவற்றைத் தேடி வந்தபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்றார்களாம். அரசன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறக்கச் செய்தான். உள்ளே கரையான் புற்று மூடிக் கிடந்தது, பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. மிஞ்சியதையே இன்று நாம் ஓதுகிறோம். ஏடுகளைப் பூட்டியவர்கள் அவற்றின் பகைவர் அல்லர், காப்பாற்றுவதாகவே எண்ணியிருப்பர். பூட்டின் குணம் அப்படி. நல்லெண்ணத்தோடு போட்டாலும் கெட்டெண்ணத்தோடு போட்டாலும், வெளிச்சம் புகாத அறையில் கரையானுக்குத்தான் கொண்டாட்டம். எழுதியவனே நேரில் வந்து நின்று கேட்டாலும் கதவைத் திறக்க மாட்டோம் என்கிற இன்றைய ரகசிய உத்தரவு, அன்றைய பூட்டையும் மிஞ்சிவிட்டது.

ஆகவே நாம் கோருவதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, 16-வது விதியின் ரகசியம் ஒழிய வேண்டும். எந்தப் பக்கத்தை, எந்தக் காரணத்தால், எந்த அதிகாரி மறைத்தார் என்பது பகிரங்கமாகப் பிரசுரமாக வேண்டும். தேசப் பாதுகாப்பை உண்மையாகவே பாதிக்கும் விவரம் இருந்தால் அதை மட்டும் மறைக்கட்டும். இரண்டாவது, எழுதியவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்காமல் நிரந்தரத் தடை விதிக்கக் கூடாது. மூன்றாவது, அறிவிப்பு என்ற பெயரால் கம்பெனிகளை மிரட்டும் குறுக்கு வழி மூடப்பட வேண்டும். நீக்க வேண்டுமானால் கோர்ட்டின் உத்தரவோடு வரட்டும். நான்காவது, ஜில்லாக் கோர்ட்டிலேயே பரிகாரம் கிடைக்க வேண்டும். நீதி சென்னைக்குப் போனால்தான் கிடைக்கும் என்றால், ஏழை எழுத்தாளனுக்கு அது கிடைக்காது என்றே அர்த்தம். ஐந்தாவது, ராஜத்துவேஷம் என்று பெயர் பெற்ற 124-ஏ பிரிவை 2022-ல் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தபின், 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த நியாய ஸம்ஹிதையின் 152-வது பிரிவாக அது வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. ஆயுள் தண்டனை வரை செல்லும் அப்பிரிவின் தெளிவற்ற சொற்களைப் பார்லிமெண்ட் திருத்தி, செயலைத் தண்டிக்கட்டும். கருத்தைத் தண்டிக்க வேண்டாம்.

அரசியல் தொண்டர்களாகிய நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1944-ல் கடலூருக்கு வந்த ஈ. வெ. ராமசாமிப் பெரியாரின் மீது செருப்பு வீசினார்கள். பின்னாளில் அதே ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது. அவருடைய கொள்கைகள் பலவற்றில் நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் கருத்துக்குப் பதில் கருத்தே அன்றிச் செருப்பல்ல, தடையுத்தரவும் அல்ல. நமக்குப் பிடிக்காதவன் வாய் அடைபடும்போது சும்மா இருக்கிறவர்கள், நாளை தம் வாய் அடைபடும்போது பேசுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். எதிர்க்கட்சிக்காரனின் பக்கம் மறைந்ததென்று கேள்விப்பட்டால், அவன் எழுதியது சரியா என்று கேட்பதற்கு முன், அவனிடம் காரணம் சொன்னார்களா என்று கேளுங்கள். உங்கள் கட்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினரை இந்த ஐந்து கோரிக்கைகள் விஷயமாகப் பதில் சொல்ல வையுங்கள். உங்கள் கட்சியே ஆளுங்கட்சியானால் இரட்டிப்பாகக் கேளுங்கள்.

சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த பூட்டைத் திறப்பதற்கு வழி உண்டு. பூட்டு இருப்பதே தெரியாத நிலையில் தேசத்தை வைப்பதுதான் இன்றைய ஆபத்து. அந்தச் சாவியைப் பகிரங்கமாகத் தெருவுக்குக் கொண்டுவரும் வரை நாம் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.